வாடாமல்லி வந்த வழி: கடல் கடந்த பூக்களும் நம் சொற்களும்



நளவெண்பாவில் ஓர் இடம் உண்டு. தமயந்தியின் சுயம்வர மண்டபத்தில் நளனைப் போலவே உருக்கொண்டு தேவர் நால்வர் அமர்ந்திருக்கின்றனர். ஐவருள் மனிதன் எவன் என்று அவள் தெளிவதற்குக் கிடைத்த குறிப்புகள் மூன்று. அவன் கண் இமைக்கிறது; அவன் அடி மண்ணில் படிகிறது; அவன் அணிந்த மாலை வாடுகிறது. தேவர் சூடிய மாலைக்கு வாட்டம் இல்லை. மனிதன் சூடியது வாடியே தீரும்.

பூ வாடுவது மனிதப் பிறப்பின் அடையாளம் என்றே நம் புலவர்கள் கருதினர். வாடாத பூ வேண்டுமானால் அதைப் பொன்னால் செய்யவேண்டியிருந்தது. சங்ககால மன்னர்கள் பாணர்க்குப் பொற்றாமரை சூட்டிய செய்தியை நாம் அறிவோம். இத்தகைய மரபில் வந்த மொழி, மண்ணில் முளைத்து நீர் குடித்து வளரும் ஒரு சிறு செடியின் பூவுக்கு ‘வாடா’ என்னும் அடையைக் கொடுத்து, வாடாமல்லி என்று அழைத்தது. அந்தப் பூ எங்கிருந்து வந்தது? அதற்குப் பெயரிட்டவர் யார்? சுபாங் ஜெயாவில் கூடியிருக்கும் நமக்கும் அதற்கும் என்ன தொடர்பு? இவ்வுரையில் நாம் ஆராயவிருப்பவை இவையே. வாடாமல்லியுடன் செண்டுமல்லி, கோழிக்கொண்டை ஆகிய இரண்டையும் சேர்த்துக் காண்போம். மூன்றும் கொய்து பயன்படுத்தவும் உலர்த்தி வைக்கவும் ஏற்றவை. மூன்றும் ஒருபருவச் செடிகள்.

ஒருபருவச் செடி என்பது யாது?

செம்பருத்தியும் அரளியும் மல்லிகையும் ஒருமுறை நட்டால் பல ஆண்டுகள் பூப்பவை. ஒருபருவச் செடியின் இயல்பு வேறு. அது முளைத்து, தழைத்து, பூத்து, விதைத்து, ஒரே பருவத்திற்குள் தன் வாழ்வை முடித்துக்கொள்கிறது. விதையிட்ட இரண்டு மூன்று திங்களில் பூவைக் காணலாம். இன்னும் சில திங்களில் செடி காய்ந்துவிடும். அடுத்த பருவத்தில் பூ வேண்டுமெனில் மீண்டும் விதைக்க வேண்டும். யாரேனும் ஒருவர் விதையை எடுத்து வைத்திருந்தால்தான் மறுபடியும் பூக்கும்.

இவ்வேறுபாடு வரலாற்றுக்கு இன்றியமையாதது. பல்லாண்டு வாழும் மரத்தை நட்டவர் ஊரைவிட்டு நீங்கினாலும் மரம் நிற்கும். ஒருபருவச் செடி ஓரிடத்தில் நூறு ஆண்டுகள் தொடர்ந்து பூத்திருக்கிறது என்றால், அந்நூறு ஆண்டும் அங்கே அதை விதைத்த கைகள் இருந்தன என்பது பொருள். ஆகவே இச்செடிகளின் வரலாறு, அவற்றை விதைத்த மக்களின் வரலாறும் ஆகும்.

பழந்தமிழ்ப் பூக்களும் புதிய பூக்களும்

கபிலர் பாடிய குறிஞ்சிப்பாட்டில் 99 மலர்களின் பெயர்கள் வரிசையாக வருகின்றன என்பதை மாணவர் அறிவர். காந்தள், குறிஞ்சி, வேங்கை, முல்லை, தாமரை, பிச்சி என நீளும் அவ்வரிசையில் செண்டுமல்லி இல்லை, வாடாமல்லியும் இல்லை. சோழர் காலக் கல்வெட்டுகள் கோயில்களுக்கு நந்தவனம் அமைக்க விடப்பட்ட நிலங்களைத் திருநந்தவனப்புறம் என்று குறிக்கின்றன. வில்லிபுத்தூரில் பெரியாழ்வார் நந்தவனம் வைத்து இறைவனுக்கு மாலை கட்டினார் என்பது வைணவ மரபு. அந்த நந்தவனங்கள் எவற்றிலும் இவ்விரு பூக்களும் இருந்திருக்க இயலாது. ஏனெனில் அவை அன்று அமெரிக்கக் கண்டத்தை விட்டு வெளிவரவே இல்லை.

செண்டுமல்லியின் தாயகம் மெக்சிகோவும் அதனை அடுத்த குவாத்தமாலாவும் ஆகும். அங்கு வாழ்ந்த அஸ்தெக்கு மக்கள் தங்கள் நாவாத்தல் மொழியில் அதனைச் செம்போவால்சோச்சித்தல் என்றனர். ‘இருபது பூ’ என்பது அச்சொல்லின் பொருள். இதழ்களின் பெருக்கத்தை இருபது என்னும் எண்ணால் குறித்தனர். இன்றும் மெக்சிகோவில் ஒவ்வோர் ஆண்டும் நவம்பர் மாதத் தொடக்கத்தில் இறந்தோரை நினைவுகூரும் நாளில், வீட்டு வாயிலிலிருந்து படையல் மேடைவரை இப்பூவின் இதழ்களைத் தூவுகின்றனர். மறைந்தவர் அந்நிறத்தையும் மணத்தையும் பற்றி வழி கண்டு வருவர் என்பது அவர்கள் நம்பிக்கை. அதே பருவத்தை ஒட்டி நாம் அதே பூவைக் கோத்து ஆயுதபூசைக்கும் தீபாவளிக்கும் வாயிலில் தொங்கவிடுகிறோம்.

வாடாமல்லியும் அமெரிக்க வெப்பமண்டலத்துச் செடியே. மூன்றாவதாகிய கோழிக்கொண்டை பழைய உலகத்தது. நம் வயல்வெளிகளில் பண்ணைக்கீரை என்று பறித்து உண்ணும் செடியின் நெருங்கிய உறவு அது.

அமெரிக்கச் செடிகள் ஆசியாவுக்கு வந்த கடல்வழிகள் இரண்டு. போர்த்துக்கீசியர் 1510இல் கோவாவையும் 1511இல் மலாக்காவையும் கைப்பற்றினர். அவர்கள் கப்பல்கள் பிரேசிலையும் இந்தியாவையும் மலாய்த் தீவுகளையும் இணைத்தன. இசுப்பானியக் கப்பல்கள் 1565 முதல் மெக்சிகோவின் அக்கபுல்கோவிலிருந்து மணிலாவுக்கு வந்து சென்றன. மிளகாய், முந்திரி, பப்பாளி, அன்னாசி என நம் சமையலறைக்கு வந்தவற்றுடன் பூச்செடிகளின் விதைகளும் வந்தன. மிளகாய் வந்த கதையைப் பலரும் எழுதியுள்ளனர். பூக்களின் கதை அவ்வளவாகப் பேசப்படவில்லை.

1690இல் அச்சேறிய ஒரு சொல்

கொச்சியில் டச்சு ஆளுநராக இருந்த வான் ரீடு, கேரளத்துச் செடிகளைப் பற்றி ‘ஹோர்த்துசு மலபாரிக்குசு’ என்னும் பெருநூலைத் தொகுப்பித்தார். 1678 முதல் 1693 வரை ஆம்சுடர்டாம் நகரில் 12 தொகுதிகளாக அது வெளிவந்தது. இட்டி அச்சுதன் என்னும் மருத்துவர் முதலிய உள்ளூர் அறிஞர்களின் துணையுடன் செடிகளின் வட்டாரப் பெயர்கள் அதில் பதிவாயின. 1690இல் வெளியான பத்தாம் தொகுதியில் வாடாமல்லியின் படமும் விளக்கமும் உள்ளன. அங்கு அதற்கு ரோமன் எழுத்தில் தரப்பட்டுள்ள பெயர் ‘வாடாப்பு’ என்று படிக்கத் தக்கது. அதனை வாடாப்பூ என நாம் எளிதில் உணர்ந்துகொள்ளலாம்.

கடல் கடந்து வந்த ஒரு செடிக்கு, 1690ஆம் ஆண்டுக்கு முன்னரே, தமிழும் மலையாளமும் பொதுவாகப் பெற்றிருக்கும் சொற்களால் ஒரு பெயர் அமைந்து, மருத்துவர் வாயில் வழங்கி, நூலிலும் ஏறிவிட்டது என்பதே இதனால் நாம் அறிவது. செடியைக் கொண்டுவந்தவர் எந்தப் பெயரோடு கொண்டுவந்தாரோ, அப்பெயரை மக்கள் ஏற்கவில்லை. பூவைக் கையில் எடுத்துப் பார்த்தனர், நாள் பல கழிந்தும் நிறம் மாறாமை கண்டனர், கண்டதையே பெயராக்கினர்.

நம் மலாய்த் தீவுகளின் பக்கமும் இதே காலத்துச் சான்று உண்டு. அம்போன் தீவில் வாழ்ந்த ரும்பியுசு என்னும் செடிநூலார் 1702இல் மறைந்தார். அவர் எழுதிய அம்போன் செடிநூல் 1741 முதல் 1750 வரையிலான ஆண்டுகளில் அச்சாயிற்று. அதிலும் வாடாமல்லி இடம்பெற்றுள்ளது. ‘உருண்டைப்பூ’ எனப் பொருள்படும் இலத்தீன் பெயரால் அவர் அதனைக் குறித்தார். ஆகவே 17ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் இந்துமாக்கடலின் மேற்கிலும் கிழக்கிலும் இப்பூ வேரூன்றிவிட்டது. தமிழர் தோட்டத் தொழிலுக்காக மலாயா வந்தபோது, அவர்கள் ஊரில் அறிந்திருந்த பூ அவர்களுக்கு முன்பே இத்தீவுக்கூட்டத்தில் பூத்துக்கொண்டிருந்தது.

பெயரிடும் நான்கு நெறிகள்

வந்த செடிகளுக்குத் தமிழ் பெயரிட்ட முறையை ஆராய்ந்தால் நான்கு நெறிகள் புலப்படும். மொழிப்பாட வகுப்பில் மாணவர்க்குக் காட்டத் தக்கவை இவை.

முதலாவது, பிறமொழிச் சொல்லையே தமிழோசைக்கு ஏற்பத் திருத்திக்கொள்வது. அன்னாசி, பப்பாளி ஆகியவை அவ்வாறு வந்தவை. இரண்டாவது, வந்தது வெளியிலிருந்து என்பதைக் காட்டும் அடையைச் சேர்ப்பது. பறங்கிக்காய், சீமையகத்தி என்பன போல. செண்டுமல்லிக்குத் துலுக்கச் செவ்வந்தி என்று ஒரு பெயர் வழங்கியது இந்நெறியால்தான். முன்பே அறிந்திருந்த செவ்வந்தியின் சாயலில் புதியதொரு பூவைக் கண்டவர், துருக்கர் என்பதன் திரிபான அடையை அதனோடு சேர்த்தனர். பூவுக்கும் துருக்கிக்கும் தொடர்பில்லை. ஆங்கிலேயரும் இவ்வாறே தடுமாறினர். மெக்சிகோவின் பூவை அவர்கள் ‘ஆப்பிரிக்கப் பூ’ என்றனர். அதன் தங்கை இனத்தைப் ‘பிரெஞ்சுப் பூ’ என்றனர். ஒவ்வோர் இனமும் தனக்குத் தெரிந்த அயலாரைப் பூவின் தாயகமாக எண்ணிக்கொண்டது.

மூன்றாவது, உருவ ஒப்புமை. மிளகுபோல் காரமுடைய காய் மிளகாய் ஆயிற்று. சேவலின் தலையில் உள்ளது போன்ற பூ கோழிக்கொண்டை ஆயிற்று. இங்கு நம் நாட்டின் பன்மொழிச் சூழல் ஒரு சுவையான ஒப்புமையைத் தருகிறது. மலாய் மொழியில் அப்பூவின் பெயர் ‘பாலுங் ஆயாம்’. சீனத்தில் ‘ஜீ குவான் ஹுவா’. இரண்டிற்கும் பொருள் கோழிக்கொண்டை என்பதே. மூன்று மொழியினரும் ஒரே பூவில் ஒரே சேவலைக் கண்டிருக்கின்றனர். செண்டுமல்லியில் அவ்வொற்றுமை இல்லை. செண்டு என்பது பந்துக்கும் பூங்கொத்துக்கும் தமிழில் வழங்கும் பழைய சொல். உருண்டு திரண்ட வடிவைக் கண்டவர் செண்டு என்றனர். மலாய் வழக்கில் அப்பூவுக்குக் கோழி எச்சத்தைக் குறிக்கும் ‘தாஹி ஆயாம்’ என்னும் பெயரும் உண்டு. அவர்கள் வடிவத்தைக் காட்டிலும் அதன் கடுமணத்தையே முதலில் உணர்ந்தனர் போலும்.

நான்காவது, பண்பினால் பெயரிடுவது. வாடாமல்லி இதற்குத் தலைசிறந்த சான்று. மலாய் மொழி அதனைப் பொத்தான் வடிவம் கருதி ‘புங்ஙா புத்தாங்’ என்கிறது. தமிழோ வடிவத்தை விடுத்து, காலத்தை நோக்கிப் பெயரிட்டது. வியப்பு என்னவெனில், வாடாமல்லி அடங்கும் தாவரக் குடும்பத்திற்கு அறிவியலார் இட்ட ‘அமராந்தேசி’ என்னும் பெயர் கிரேக்கத்திலிருந்து வந்தது. கிரேக்கத்தில் ‘அமராந்தோசு’ என்பதற்கு வாடாதது என்றே பொருள். இரு மொழியினர் ஒரே பண்பைக் கண்டு ஒரே சொல்லைத் தேர்ந்தனர்.

இன்னொன்றும் கருதத் தக்கது. வாடாமல்லியில் மணமில்லை, செண்டுமல்லியின் மணமோ மல்லிகையின் மணத்தன்று. எனினும் இரண்டும் மல்லி என்னும் பெயர் பெற்றன. கோத்து மாலையாக்கத் தக்க பூ எதுவோ அது மல்லியின் குடும்பத்தைச் சேர்ந்தது என்று நம் மக்கள் கொண்டனர். தாவர நூலார் வகுத்த குடும்பம் வேறு. பூக்கட்டும் கைகள் வகுத்த குடும்பம் வேறு.

வாடாமையின் காரணம்

வாடாமல்லியில் நாம் பூ என்று காணும் உருண்டை, உண்மையில் பல பூவடிச் செதில்களின் திரள். அச்செதில்கள் தாள் போன்றவை. இயற்கையிலேயே நீர்ப்பசை குறைந்தவை. உண்மையான பூக்கள் அவற்றினிடையே மிகச் சிறியனவாக ஒளிந்துள்ளன. ரோசா இதழின் உருவம் அதிலுள்ள நீரால் நிற்பது. நீர் வற்றினால் சுருங்கும். வாடாமல்லிச் செதிலுக்கு நீரின் துணை அதிகம் வேண்டியதில்லை. ஆகவே உலர்ந்தபின்னும் வடிவு குலைவதில்லை. அதன் செந்நீலத்தைத் தருவது, பீட்ரூட் கிழங்கின் சிவப்பைத் தரும் அதே வகை நிறப்பொருள். கோழிக்கொண்டையின் நிறமும் அவ்வகையினதே.

பூவை உலர்த்திக் காக்கும் விருப்பம் மிகப் பழையது. எகிப்தில் துத்தன்காமன் மன்னனின் கல்லறை 1922இல் திறக்கப்பட்டபோது, மூவாயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட பூமாலைகள் உலர்ந்த நிலையில் கிடைத்தன. அவற்றில் வயலோரத்து ஒருபருவச் செடியொன்றின் நீலப்பூக்களும் இருந்தன. அவை பூக்கும் காலத்தைக் கொண்டு மன்னன் அடக்கம் செய்யப்பட்ட பருவத்தையே ஆய்வாளர் கணித்தனர். 19ஆம் நூற்றாண்டில் பிரான்சு நாட்டார் கல்லறைகளில் உலர்பூ வளையங்களை வைத்தனர். அப்பூக்களுக்கு ‘அழியாதவை’ என்று பெயரிட்டனர். வாடுவதைத் தடுக்க மனிதன் செய்த முயற்சிகளில் இதுவே மிக எளியது: பூவைக் கொய்து, தலைகீழாகத் தொங்கவிட்டு, காத்திருத்தல்.

பால்மரக் காட்டில் பூச்செடி

இனி நம் நாட்டிற்கு வருவோம். தமிழரைப் பெருந்தொகையினராக மலாயாவுக்கு வரவழைத்த ரப்பர் மரமும் அமெரிக்கச் செடியே. 1876இல் விக்காம் என்பவர் அமேசான் காட்டிலிருந்து ஏறத்தாழ 70,000 விதைகளை இலண்டனின் கியூ தோட்டத்திற்குக் கொண்டுசென்றார். அங்கு முளைத்தவற்றுள் 22 கன்றுகள் 1877இல் சிங்கப்பூரை அடைந்தன. 1888 முதல் 1911 வரை சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்தின் தலைவராக இருந்த ரிட்லி, மரத்தைக் கொல்லாமல் பால் எடுக்கும் முறையைப் பரப்பினார். சிலாங்கூர் மாநிலம் ரப்பர் தோட்டங்களால் நிறைந்தது. ஒப்பந்தக்கூலி முறை 1910இல் நிறுத்தப்பட்டது. கங்காணிகள் வழி ஆள்சேர்ப்பு 1938வரை நடந்தது. அவ்வாண்டில் இந்திய அரசு தொழிலாளரை அனுப்புவதைத் தடைசெய்தது.

வந்தவர்கள் அந்த மரத்தை எவ்வாறு அழைத்தனர்? மலாய்ச் சொல்லான ‘கெத்தா’வைக் கித்தா எனத் தமிழாக்கிக் கித்தா மரம் என்றனர், சீவினால் பால் வடிவது கண்டு பால்மரம் என்றனர். 1917இல் சிலாங்கூரின் தென்னமாரம் தோட்டத்தில் வணிக முறையில் முதன்முதலாகப் பயிரிடப்பட்ட ஆப்பிரிக்க எண்ணெய்ப்பனை, பின்னர் நம்மவர் வாயில் செம்பனை ஆயிற்று. பழத்தின் நிறம் கண்டு எழுந்த பெயர் அது. பால்மரம் என்னும் சொல் அகிலனின் ‘பால்மரக் காட்டினிலே’ புதினத்தின் தலைப்பிலும் ஏறியது. மலபார்க் கரையில் வாடாப்பூ என்று பெயரிட்ட அதே மனநிலை மலாயாத் தோட்டப்புறத்திலும் இயங்கியது என்பதை இங்கே நாம் காண்கிறோம். பள்ளிக்கூடத்தில் கற்றுப் பெயரிட்டவர் அல்லர் அவர்கள். விடியுமுன் பிரட்டுக்களத்தில் பெயர் கொடுத்து, மரம் சீவச் சென்றவர்கள். கையில் எடுத்ததற்குக் கண்டபடி பெயர் சொல்லும் உரிமையைத் தம் மொழி தமக்குத் தந்திருப்பதாக அவர்கள் உணர்ந்திருந்தனர்.

லயத்து வீடுகளின் முன்னே இருந்த சிறு நிலத்தில் அவர்கள் பூச்செடி வைத்தனர். தோட்டப்புறத்தில் வளர்ந்த மூத்தோர் பலருக்கும் இது நினைவிருக்கும். தோட்டத்துக்கு ஒரு மாரியம்மன் கோயில் இருந்தது. அம்மனுக்குப் பூ வேண்டும். நாள்தோறும் பூ வாங்கக் கடையோ காசோ இல்லை. அந்நிலையில் ஒருபருவச் செடி ஏழைக்கு உகந்தது. விலை கொடுத்துக் கன்று வாங்க வேண்டியதில்லை. அண்டை வீட்டார் தரும் ஒரு பிடி விதை போதும். இரண்டு மூன்று திங்களில் பூக்கும். நிலம் தோட்ட நிருவாகத்திற்கு உரியது. எந்நாளும் வேறு பிரிவுக்கோ வேறு தோட்டத்துக்கோ மாற நேரலாம். மரம் நட்டுப் பயன்கொள்ளக் காத்திருக்க முடியாதவருக்கு, ஒரு பருவத்தில் பலன் தந்து, விதையாகச் சுருங்கி, முந்தானை முடிச்சில் உடன்வரும் செடியே துணை.

ஒரு காட்சியை எண்ணிப் பாருங்கள். முன்னே நிரை நிரையாக நின்ற பால்மரம் அமேசானிலிருந்து வந்தது. அது தோட்ட உரிமையாளருடையது. வாயிலில் பூத்த செண்டுமல்லி மெக்சிகோவிலிருந்து வந்தது, அது குடியிருந்தவருடையது. இரண்டும் ஒரே கண்டத்தின் செடிகள், கடல் கடந்தவை. அவற்றின் நடுவே வாழ்ந்த தமிழரும் கடல் கடந்தவரே. மூவருக்கும் அம்மண் புதிது. அப்புதுமண்ணை ஊராக்கியதில் பூச்செடிக்கும் அதன் தமிழ்ப் பெயருக்கும் பங்கு உண்டு.

தோட்டம் நகரமானபோது

நாம் கூடியிருக்கும் சுபாங் ஜெயா, சீபீல்டு ரப்பர் தோட்டத்தின் மீது எழுந்த நகரம். 1976இல் இங்கு வீடமைப்புப் பணி தொடங்கியது. 2020ஆம் ஆண்டு அக்டோபர் 20ஆம் நாள் இது மாநகராயிற்று. யூ.எஸ்.ஜே. என்று நாம் சொல்லும் பகுதியின் முதலெழுத்து, இந்நகரை அமைத்த ‘யுனைடெட் எஸ்டேட்ஸ் புராஜெக்ட்ஸ்’ நிறுவனத்தைக் குறிப்பது. தோட்டங்கள் என்னும் சொல் இன்றும் அவ்வெழுத்துக்குள் மறைந்து வாழ்கிறது. சீபீல்டு என்னும் பெயரை மாரியம்மன் கோயிலும் தமிழ்ப்பள்ளியும் தாங்கி நிற்கின்றன. லயங்கள் இல்லை, லயத்து வாயில்களும் இல்லை. கிள்ளான் பள்ளத்தாக்கின் பல தோட்டங்களுக்கும் நேர்ந்தது இதுவே.

பூவின் தேவை குறையவில்லை, மிகுந்தே உள்ளது. கோலாலம்பூரில் 1873இல் நிறுவப்பட்ட மகாமாரியம்மன் கோயிலின் அருகிலும், பிரிக்பீல்ட்ஸ் கடைத்தெருவிலும், கிள்ளானின் தெங்கு கெலானா சாலையிலும் பூக்கட்டும் கடைகளைக் காண்கிறோம். பத்துமலைத் தைப்பூசத்திற்கும் தீபாவளிக்கும் அங்கு குவியும் பூக்களில் ஒரு பகுதி தமிழகத்திலிருந்து வானூர்தியில் வருவது. செவ்வந்தி வகைகள் கேமரன் மலையின் நெகிழிக் கூடாரங்களில் வளர்கின்றன. பகல் குறுகும்போது பூக்கும் இயல்புடைய செவ்வந்திக்கு, அங்கு இரவில் விளக்கேற்றிப் பூக்கும் நாளைத் தள்ளிவைக்கின்றனர். இவை யாவும் நல்ல தொழில்கள், பலருக்கு வாழ்வளிப்பவை. குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஆயினும் ஒரு மாற்றம் நிகழ்ந்துள்ளது. விதைத்தவராக இருந்த நாம் வாங்குபவராகிவிட்டோம். வாங்குபவருக்குப் பூவின் விலை தெரிந்தால் போதும். அதன் விதை எப்படியிருக்கும் என்பது தெரிய வேண்டியதில்லை. விதையும் முளையும் மொட்டும் கண்ணிலிருந்து மறையும்போது அவற்றுக்குரிய சொற்களும் நாவிலிருந்து மறைகின்றன. நாற்று, பதியம், நுனி கிள்ளுதல், பக்கக்கிளை, பூங்காம்பு, முற்றிய விதை ஆகிய சொற்கள் அகராதியில் இருக்கும்; பிள்ளைகள் வாயில் இரா. இறுதியில் பூவின் பெயரும் மாறும். செண்டுமல்லியைக் காட்டினால் ‘மேரிகோல்டு’ என்று கூறும் பிள்ளையை நாம் குறைகூற இயலாது. அப்பிள்ளை அதை விதைப் பொட்டலத்தின் ஆங்கில எழுத்தில் மட்டுமே சந்தித்தது.

இங்குதான் நாம் தெளிவாகச் சிந்திக்க வேண்டும். இப்பூக்கள் தொன்றுதொட்டு நம்முடையவை, ஆதலால் காக்க வேண்டும் என்று சிலர் வாதிடக்கூடும். வரலாறு அதற்கு இடந்தரவில்லை என்பதை மேலே கண்டோம். வாடாமல்லி நம்மிடம் வந்து ஐந்நூறு ஆண்டுகள்கூட நிறையவில்லை. அதனால் அது நம்முடையதன்று என்றும் கூற முடியாது. வந்ததை ஏற்று, பெயரிட்டு, பருவந்தோறும் விதைத்து, தலைமுறைக்குக் கையளித்த செயலே அதனை நம்முடையதாக்கியது. மரபின் வலிமை அதன் வயதில் இல்லை. விடாது விதைப்பதில் உள்ளது. விதைப்பதை நிறுத்திய ஆண்டில் எத்துணைப் பழைய மரபும் முடிந்துபோகும்.

பள்ளித் தோட்டத்தில் ஒரு பாத்தி

ஆதலின் ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். பள்ளியில் ஒரு சிறு பாத்தியை இம்மூன்று பூக்களுக்கு ஒதுக்குங்கள். மொழிப்பாடமும் அறிவியலும் வரலாறும் ஒரே இடத்தில் கூடும்.

கிள்ளான் பள்ளத்தாக்கில் ஜூன், ஜூலைத் திங்கள்களில் மழை ஒப்பீட்டளவில் குறைவு. உலர்த்துவதற்கு அதுவே ஏற்ற காலம். எனவே ஏப்ரலில் விதைப்பது நன்று. வாடாமல்லி விதையைச் சுற்றிப் பஞ்சு போன்ற உறை இருக்கும். ஓரிரவு நீரில் ஊறவைத்தால் முளைப்பது எளிது. வெயில் நன்கு படும் இடமாக, செடிக்குச் செடி ஏறத்தாழ ஓர் அடி இடைவெளி இருக்கட்டும். செடி அரையடி உயர்ந்ததும் நுனியைக் கிள்ளினால் பக்கக்கிளைகள் பெருகும், பூவும் பெருகும். உருண்டை முழு நிறமும் பெற்று, தொட்டால் கெட்டியாக இருக்கும்போது, காலைப்பனி உலர்ந்தபின் நீண்ட காம்புடன் கொய்ய வேண்டும். இலைகளைக் களைந்து, பத்துப் பன்னிரண்டு காம்புகளைச் சிறு கட்டாகக் கட்டி, காற்றோட்டமும் நிழலும் உள்ள அறையில் தலைகீழாகத் தொங்கவிடுக. வெயிலில் உலர்த்தினால் நிறம் வெளுக்கும். நம் நாட்டின் ஈரக்காற்றில் பெரிய கட்டாகக் கட்டினால் நடுவில் பூஞ்சணம் பிடிக்கும். கட்டுவதற்கு நூலைக் காட்டிலும் ரப்பர் வளையமே சிறந்தது. உலர உலரக் காம்பு மெலியும், நூல் நெகிழ்ந்துவிடும், வளையமோ உடன் இறுகிப் பிடிக்கும். பால்மரத்தின் பாலும் வாடாமல்லியும் மாணவர் கையில் ஒருங்கே சேரும் அத்தருணத்தில் மேற்சொன்ன வரலாற்றைச் சொல்லலாம்.

கோழிக்கொண்டையையும் இவ்வாறே உலர்த்தலாம். அதன் கீழே ஒரு தாளை விரித்து வைத்தால், உதிரும் சிறு கருவிதைகள் வீணாகா. செண்டுமல்லியைக் காம்பின்றிக் கோத்து, மாலையாகவே உலர்த்தலாம். செடியிலேயே முற்றிக் காய்ந்த பூக்களின் அடியில், ஒரு முனை கறுத்து மறுமுனை வெளிறிய நீண்ட விதைகளைப் பிள்ளைகள் கண்டெடுப்பர்.

மாணவர்க்கும் ஒரு பணி உண்டு. வீட்டிலுள்ள பாட்டியிடமும் தாத்தாவிடமும் இப்பூக்களைக் காட்டி, அவர்கள் வாழ்ந்த தோட்டத்தில் என்ன பெயர் வழங்கியது, எங்கே விதைத்தனர், யாரிடமிருந்து விதை பெற்றனர் எனக் கேட்டு எழுதி வாருங்கள். அண்டை வீட்டு மலாய், சீன நண்பர்களிடம் அவர்கள் மொழிப் பெயரையும் பொருளையும் கேளுங்கள். தோட்டத்தின் பெயர், பூவின் பெயர், சொன்னவரின் பிறந்த ஆண்டு ஆகிய மூன்றையும் ஒரு குறிப்பேட்டில் தொகுத்தால், பத்துப் பள்ளிகள் சேர்ந்து ஒரு சொல்லகராதியையே உருவாக்கலாம். வான் ரீடு உள்ளூர் மருத்துவரிடம் கேட்டு எழுதியதால்தான் வாடாப்பூ என்னும் சொல்லுக்கு 1690ஆம் ஆண்டுச் சான்று நமக்குக் கிடைத்தது. கேட்பாரின்றி மறைந்த சொற்களுக்குச் சான்று இல்லை. தோட்டப்புற நினைவுடைய தலைமுறை நம்மிடையே இன்னும் இருக்கிறது; என்றும் இராது.

முடிவாக, வாடாமல்லியைப் பற்றிய ஒரு செய்தியைச் சொல்லி அமைவோம். உலர்ந்த உருண்டையைக் கையிலிட்டுத் தேய்த்தால் செதில்கள் உதிரும். அவற்றினிடையே பஞ்சுறைக்குள் சிறு விதைகள் இருக்கும். முற்றவிட்டு உலர்த்திய பூ ஒவ்வொன்றும் ஒரு விதைப்பையே. அழகுக்காக ஒரு கொத்தைச் சுவரில் மாட்டி வைத்திருப்பவர் வீட்டில் அடுத்த பருவத்துத் தோட்டமும் இருக்கிறது. ஆண்டு இரண்டு கடப்பதற்குள் அதை எடுத்து விதைத்தால் நன்கு முளைக்கும். நெடுங்காலம் அப்படியே வைத்திருந்தால் நிறம் இருக்கும், முளைக்கும் ஆற்றல் குன்றும்.